தலையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால்...

சென்ற பொங்கல் விழாவன்று பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம் சங்கத்து நண்பர் ஒருவர், சாம்பார் வாளி வந்து போனபின் என் காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டார்: "அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டியளே? நீங்க சர்ச்சுல ஆள் சேக்கிற வேலை பாக்கியளாமே, நெசந்தானா?"

அவர் திருநெல்வேலிக்காரர். கரக்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குள் முப்பது வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். என் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு அவரும் அவர் வீட்டுத் தீபாவளிக்கு நானும் தவறியதே இல்லை. அவர் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. யாரோ சொன்னதை நேரடியாக என்னிடமே கேட்டுவிட்டார். "ஒருநாள் விவரமாச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நான் பாயசத்துக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் கேள்வி மனதில் நின்றுவிட்டது. இந்த இதழுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, அந்தப் பதிலையே எழுதிவிடலாம் என்று தோன்றியது. என் மதத்தைப் பெருமைப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. நான் செய்த ஒரு தவறையும் இதில் சொல்லப்போகிறேன்.

நான் பார்க்கும் வேலை

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பத்து மணிக்குச் சிறுவர்களுக்கு மறைக்கல்வி வகுப்பு. எங்கள் காலத்தில் இதை ஞானோபதேசம் என்பார்கள். வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, கத்தோலிக்கத் திருச்சபையில் சேர விரும்பிக் கேட்டு வரும் பெரியவர்களுக்கு வகுப்பு. இரண்டையும் நானும் இன்னும் நான்கைந்து பேரும் நடத்துகிறோம். சம்பளம் கிடையாது. சாக்பீஸும் தேநீரும் கோவில் செலவு.

நான் குருவானவர் இல்லை. இறையியல் படித்தவனும் இல்லை. டிப்ளமா படித்துவிட்டு 1982-ல் ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ. ஆகச் சேர்ந்து, வேலைக்காலம் முழுவதும் தண்டவாளம், சிலீப்பர், ஜல்லி என்று பார்த்தவன். 1993-ல் அப்போதைய பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டு, "ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்த ஒரு மணி நேரம் முப்பது வருடத்தைத் தாண்டிவிட்டது.

கிறிஸ்தவரல்லாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவர் முழுமையாகச் சேர்வது மூன்று அருட்சாதனங்களால். முதலாவது திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம். மற்ற இரண்டும் உறுதிபூசுதலும் நற்கருணையும். இவற்றைப் புகுமுக அருட்சாதனங்கள் என்பார்கள். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறோம். ஏழெட்டு வயதுக்கு மேல் முதல்முறையாக நற்கருணை வாங்குவதைப் புதுநன்மை என்கிறோம். பதின்வயதில் உறுதிபூசுதல். பெரியவராகிச் சேர்கிறவர்களுக்கு வழக்கமாக மூன்றும் ஒரே இரவில், ஈஸ்டருக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் தரப்படும்.

புதுநன்மைக்கு ஏழு வயது என்பது பழங்காலம் முதல் இருந்த வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு, பதினான்கு வயது வரைகூடப் பிள்ளைகளைக் காக்கவைத்திருந்தார்கள். 1910-ல் பாப்பரசர் பத்தாம் பயஸ்தான், சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் தெரிகிற வயது வந்தால் போதும், அது ஏறக்குறைய ஏழு வயது என்று ஆணையிட்டார். பிள்ளைக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பது அதன் சாரம். பரீட்சை வைத்துப் பிள்ளைகளை மிரட்டத் தோன்றும்போதெல்லாம் நான் இதை நினைத்துக்கொள்வேன்.

ஆச்சியும் பேரனும்

கரக்பூரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய பெங்கால் நாக்பூர் ரயில்வே காலத்திலிருந்து நாலாபக்கத்து ஆட்களும் வந்து சேர்ந்த ஊர். என் வகுப்பிலும் அப்படியே. தமிழ்ப் பிள்ளைகள், தெலுங்குப் பிள்ளைகள், சந்தாலிப் பிள்ளைகள், வங்காளிப் பிள்ளைகள், இரண்டொரு ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகள். பாடம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடக்கும். எல்லோருக்கும் பொதுவாக வேறு வழி இல்லை.

பல வருடங்களுக்கு முன் ஒரு தமிழ்ப் பையனுக்குப் புதுநன்மை. அதைப் பார்ப்பதற்கென்றே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அவன் ஆச்சி, சென்னைக்கு வந்து கோரமண்டல் பிடித்து வந்து சேர்ந்திருந்தார். முந்தின நாள் மாலை வகுப்புக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். பேரன் செபங்களை ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். எல்லாம் ஆங்கிலத்தில். நான் பெருமையாக ஆச்சியைப் பார்த்தேன். அந்த அம்மா கையில் செபமாலையை வைத்துக்கொண்டு பேரனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "நல்லாத்தான் சொல்லுதான். ஆனா ராத்திரி படுக்கப் போகும்போது நானும் அவனும் சேந்து ஒரு மங்கள வார்த்த செபம் சொல்ல முடியலய, ஐயா" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. பிள்ளையை ஒரு குடும்பத்துக்குள் சேர்ப்பதற்காக நடத்தும் வகுப்பில், அவன் வீட்டிலேயே இருக்கும் ஒருவரிடமிருந்து அவனைப் பிரித்துவைத்திருக்கிறேன்!

அந்த வருடத்திலிருந்து ஒரு ஏற்பாடு செய்தோம். மாதத்தின் கடைசி ஞாயிறு, ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு மொழியில் செபம் சொல்ல வேண்டும். அதை வகுப்பில் நான் கற்றுத்தர மாட்டேன். அப்பாவோ அம்மாவோ, ஊரிலிருந்து போனில் பாட்டியோதான் கற்றுத்தர வேண்டும். சந்தாலிச் சிறுமி சொல்லும்போது எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது. ஆனாலும் எந்தச் செபம் என்று ராகத்தை வைத்தே தெரிந்துவிடும். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகள் பலர் செபத்தை இந்தி எழுத்தில் எழுதிவைத்துப் படித்து வருகிறார்கள். அதைக் கேலி செய்யாதீர்கள். 1554-ல் லிஸ்பனில் தமிழ்ச் செபங்களை ரோமன் எழுத்தில்தான் அச்சிட்டார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான நூல் 1578-ல் கொல்லத்தில் வந்தது. ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்ற போர்த்துக்கீசிய சேசு சபைக் குரு தயாரித்த 'தம்பிரான் வணக்கம்', பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சாகி இன்று நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது அதுதான். அது என்ன நூல் தெரியுமா? ஞானோபதேச நூல். என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு போன்ற ஒரு வகுப்புக்காக அச்சிட்டது. இதைச் சொன்னால் நம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இன்னொரு விஷயம். நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி ஒருநாள் எழுந்து கேட்டாள்: "சார், என் ஃப்ரெண்ட் இந்து. அவள் செத்தால் நரகத்துக்கா போவாள்?" யாரோ அப்படிச் சொல்லிவிட்டார்களாம். பிள்ளை இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை என்று தாயார் பிறகு சொன்னார். நான் என் சொந்தச் சரக்கைச் சொல்லவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் எழுதிவைத்ததைச் சொன்னேன்: தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், நேர்மையான இதயத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சிப்படி வாழ்கிறவர்களும் மீட்படையலாம். "அப்போ அவகூட டிஃபன் பாக்ஸ் ஷேர் பண்ணலாமா?" என்றாள். "தாராளமாய்ப் பண்ணு, எனக்கும் கொஞ்சம் கொண்டு வா" என்றேன்.

பெரியவர்களும் பழைய பாடமும்

நண்பரின் கேள்வி உண்மையில் வியாழக்கிழமை வகுப்பைப் பற்றியது. அதற்கு வருகிறேன்.

என் சொந்த ஊர் முத்துக்குளித்துறைக் கடற்கரை. எங்கள் முன்னோர்கள் 1535-லிருந்து இரண்டு மூன்று வருடங்களுக்குள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். கடலில் எதிரிகளிடமிருந்து போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு வேண்டியிருந்தது என்பதை வரலாறு மறைக்கவில்லை. பிறகு என்ன ஆயிற்று? 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் அங்கே வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறெதுவும் தெரியவில்லை, கற்றுத்தர ஆள் இல்லை என்று கடிதம் எழுதினார். தண்ணீர் முதலில் வந்துவிட்டது, பாடம் வரவில்லை. சவேரியார் இரண்டு மொழியும் தெரிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, தாமே மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். தாம் போனபின் கற்றுத்தர ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். பின்னால் வந்த உபதேசியார்களுக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் அவர்கள்தான் முன்னோடி.

ஆனால் திருச்சபையின் ஆதி வழக்கம் இப்படி இருக்கவில்லை. முதல் நூற்றாண்டுகளில் சேர விரும்புகிறவர் மூன்று வருடம் வரை காத்திருந்து கேட்டுக் கற்க வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. புகழ்பெற்ற அகுஸ்தீனார் 387-ஆம் ஆண்டு மிலான் நகரில் ஈஸ்டர் இரவில் ஆயர் அம்புரோசின் கையால் திருமுழுக்குப் பெற்றது இந்த முறையில்தான். பிறகு குழந்தைகளுக்கே ஞானஸ்நானம் கொடுப்பது பொதுவானபோது இந்தக் காத்திருப்பு முறை தேய்ந்துபோயிற்று. 1963-ல் வத்திக்கான் சங்கம் அதை மீண்டும் கொண்டுவரச் சொன்னது. 1972-ல் பெரியவர்களுக்கான புதிய சடங்குமுறை வெளியாயிற்று. இன்று உலகெங்கும் கத்தோலிக்கக் கோவில்களில் நடப்பது அதுதான்.

அதன்படி முதலில் விசாரிக்கும் காலம். வந்தவர் கேள்வி கேட்கலாம். எந்தக் கடமையும் இல்லை. தொடர விரும்பினால் ஒரு ஞாயிறு சபையார் முன் வரவேற்று நெற்றியில் சிலுவை அடையாளம் வரைவார்கள். அதன்பின் பல மாதங்கள், தேவையானால் ஒரு வருடத்துக்கு மேலும், கற்கும் காலம். தவக்காலத்தின் முதல் ஞாயிறு பெயர் பதிவு. மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் அவர்களுக்காகச் சிறப்புச் செபம். பிறகு பாஸ்கா இரவு. அதோடு முடிவதில்லை, பெந்தெகொஸ்து வரை மீண்டும் கூடிப் பேசுவோம்.

எங்கள் தொழிலில் ஜல்லியைச் சலித்துப் போட்ட பாதையில் முதல் வண்டியை 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் விடுவோம். பேக்கிங் செய்தபின் 45, மறுபடியும் பேக்கிங் செய்தபின் 75. பாதை பார்வைக்கு நேராகத்தான் இருக்கும். ஆனால் பாரம் ஏறி இறங்கினால்தான் ஜல்லி உட்காரும். இதை நன்றாகத் தெரிந்த நானே ஒரு மனிதர் விஷயத்தில் மறந்துபோனேன்.

நான் செய்த தவறு

1998-ல் நடந்தது. எங்கள் பங்கைச் சேர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்திக்கும் வேறு மதத்துப் பையன் ஒருவனுக்கும் விருப்பம். இரண்டு வீட்டிலும் ஓரளவு சம்மதித்துவிட்டார்கள். பெண்ணின் தகப்பனார் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்: கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை ஞானஸ்நானம் வாங்கிவிட வேண்டும். மண்டபம் பேசியாயிற்று; பத்திரிகை அடித்தாயிற்று. தகப்பனார் எனக்கு வேண்டியவர். "நீங்க மனசு வச்சா முடிஞ்சிரும்" என்றார்.

நானும் மனது வைத்தேன். ஆறே வாரத்தில் பாடங்களை முடித்தேன். பையன் புத்திசாலி, எது கேட்டாலும் சரியான பதில் சொன்னான். ஆயத்தமாகிவிட்டான் என்று பங்குத்தந்தையிடம் நான்தான் சொன்னேன். அவர் என் வார்த்தையை நம்பினார். ஞானஸ்நானமும் நடந்தது, கல்யாணமும் சிறப்பாக நடந்தது. கறி பிரியாணியை நானும் ரசித்துச் சாப்பிட்டேன்.

மூன்று வருடம் கழித்து ஒருநாள் ஸ்டேஷன் நடைமேடையில் அவனைப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவன் கோவில் பக்கம் வந்ததே இல்லை. நான் அதை விசாரிக்கப் போனேன். அவன் மரியாதையாகவே சொன்னான்: "அங்கிள், அந்த ஆறு வாரமும் நீங்கள் என்னிடம் நூறு கேள்வி கேட்டீர்கள். உனக்கு இதில் விருப்பமா என்று மட்டும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை." அவன் தாயார் அன்றிலிருந்து அவனோடு சரியாகப் பேசுவதில்லையாம். பேரப்பிள்ளையை இன்னும் தூக்கவில்லையாம். பக்கத்தில் நின்ற அந்தப் பெண், "நான் இவரை மாறச் சொல்லவே இல்லை அங்கிள். அப்பாவுக்காகத்தான்" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று எனக்குத் தெரியும். அந்தக் கல்யாணத்துக்கு ஞானஸ்நானமே தேவையில்லை. திருமுழுக்குப் பெறாதவரைக் கத்தோலிக்கர் ஒருவர் மணக்க, ஆயரிடமிருந்து விதிவிலக்குப் பெற்றுக் கோவிலிலேயே திருமணம் நடத்தலாம். கத்தோலிக்கர் தம் விசுவாசத்தைக் காத்து, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்கத் தம்மால் முடிந்ததைச் செய்வதாக வாக்களிக்க வேண்டும். மற்றவர் அதை அறிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அவர் மதம் மாற வேண்டியதில்லை. இது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒருவரையும் அவர் மனச்சாட்சிக்கு விரோதமாகக் கத்தோலிக்க விசுவாசத்தை ஏற்கும்படி கட்டாயப்படுத்தலாகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நான் அந்தத் தகப்பனாரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். மண்டபத்துக்கும் பத்திரிகைக்கும் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

முதல் நாளில் சொல்வது

அதற்குப் பிறகு வியாழக்கிழமை வகுப்புக்கு யார் புதிதாக வந்தாலும் முதல் நாள் வேதப் பாடம் கிடையாது. தேநீர் கொடுத்துச் சில விஷயங்களை மட்டும் சொல்வேன்.

முதலாவது, கல்யாணத்துக்காக வந்திருந்தால் மாறத் தேவையில்லை. மேலே சொன்ன வழி இருக்கிறது. இதைக் கேட்டதும் நிம்மதியாக எழுந்து போனவர்கள் உண்டு. அவர்களில் சிலர் பிற்பாடு தாமாகவே திரும்பி வந்ததும் உண்டு.

இரண்டாவது, இங்கே வேலை கிடைக்காது, பணம் கிடைக்காது, பள்ளிக்கூடத்தில் சீட் கிடைக்காது. தகாத வழிகளில் ஆசைகாட்டி யாரையும் இழுப்பதை 1965-லேயே வத்திக்கான் சங்கம் கண்டிப்பாகத் தடுத்திருக்கிறது.

மூன்றாவது, இழக்க வேண்டியது இருக்கலாம். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியினருக்கான தகுதி கிறிஸ்தவராகிறவர்களுக்குக் கிடையாது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் அதில் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண்மணியின் வழக்கில் 2024 நவம்பரிலும் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிப்படுத்தியது. இது நியாயமா இல்லையா என்பது வேறு விவாதம். ஆனால் பிள்ளையின் கல்லூரிச் சீட்டும் தம் பதவி உயர்வும் இதில் அடங்கியிருக்கும்போது, அதைச் சொல்லாமல் ஒருவர் தலையில் தண்ணீர் ஊற்றுவது துரோகம்.

நான்காவது, சட்டம். இங்கிருந்து இரண்டு மணி நேரம் ரயிலில் போனால் ஒடிசா. இன்னொரு பக்கம் ஜார்க்கண்ட். ஒடிசாவில் 1967 முதலும் ஜார்க்கண்டில் 2017 முதலும் மதமாற்றம் குறித்துத் தனிச் சட்டங்கள் உண்டு. வற்புறுத்தலும் ஆசைகாட்டலும் குற்றம். அரசு அதிகாரிகளுக்கு முறைப்படி தெரிவிக்கவும் வேண்டும். மத மாற்றும் உரிமை என்பது மதத்தைப் பரப்பும் உரிமைக்குள் அடங்காது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மாற்றலாகிப் போகும் நம் ரயில்வே குடும்பங்கள் அந்தந்த மாநில நடைமுறையை விசாரித்துக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒன்று கேட்பேன்: "வீட்டில் தெரியுமா?" வயது வந்தவருக்கு முடிவெடுக்கும் உரிமை அவருடையதுதான். அனுமதி வாங்கி வரச் சொல்லவில்லை. ஆனால் அம்மாவிடம் சொல்ல முடியாத ஒன்றை அவசரமாய்ச் செய்யாதீர்கள் என்பேன். வரும் கஷ்டத்தைத் தெரிந்து துணிகிறவர்கள் எக்காலத்திலும் உண்டு. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராயிருந்து 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம் பிள்ளை, 1752-ல் உயிரையே கொடுத்தார். 2022-ல் அவரைப் புனிதர் என்று பாப்பரசர் பிரான்சிஸ் அறிவித்தார். ஆனால் துணிவு அவரவர் உள்ளத்திலிருந்து வர வேண்டும். வகுப்பு நடத்துகிறவன் அதைத் தள்ளிவிடக் கூடாது.

கடைசி பெஞ்சு அம்மா

எங்கள் பங்கில் ஒரு ஃபிட்டரின் மனைவி. கணவர் கத்தோலிக்கர்; அந்த அம்மா இந்து. மூன்று பிள்ளைகளையும் ஒருவர் பின் ஒருவராக என் வகுப்புக்குக் கொண்டுவந்து, முடியும்வரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அப்படிப் பல வருடம். தமிழ்ச் செபங்களை என் வகுப்பிலேயே திருத்தமாய்ச் சொன்ன பிள்ளைகள் அவர் பிள்ளைகள்தான், கற்றுக்கொடுத்தவர் அவர். ஒருநாள் தாமாகவே வியாழக்கிழமை வகுப்புக்கு வந்தார். ஏழெட்டு மாதம் ஒழுங்காக வந்தார். தவக்காலம் தொடங்கும் முன், பெயர் பதிவுக்கு முந்தின வாரம் என்னிடம் வந்து சொன்னார்: "அண்ணே, ஊர்ல எங்கம்மா இருக்காங்க. அவங்க கும்பிட்ட சாமிய விட்டுட்டேன்னு சொல்ல எனக்கு மனசு வரல. இங்க வந்து உக்காந்தா எனக்கு நிம்மதியா இருக்கு. இது போதுமா?"

1998-ஆம் வருடத்து ஆளாக இருந்தால் நான் இரண்டு மணி நேரம் பேசியிருப்பேன். இப்போது, "போதும்மா. கதவு திறந்துதான் இருக்கு. அவசரம் இல்ல" என்று மட்டும் சொன்னேன். அவர் இன்று வரை ஞானஸ்நானம் பெறவில்லை. இன்றும் கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறார். கணவரும் பிள்ளைகளும் நற்கருணை வாங்கப் போகும்போது அவர் கைகூப்பி இருப்பார். வருடக் கணக்கு எழுதும்போது அவர் பெயர் எந்தப் பத்தியிலும் வராது. ஆனால் அந்த வகுப்பு வீணாகப் போயிற்று என்று என்னால் நினைக்க முடியவில்லை.

நம் பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள்

வெளியூரில் வாழும் நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அனுபவத்தில் கண்ட சில:

1. "ஊருக்குப் போய் ஞானஸ்நானம் கொடுக்கலாம்" என்று லீவைப் பார்த்துத் தள்ளிப்போட்டுப் பிள்ளைக்கு எட்டு வயது ஆக்கிவிடாதீர்கள். ஏழு வயது கடந்துவிட்டால் பிள்ளைக்கும் பெரியவர்களுக்கான முறையையே, வயதுக்கேற்றபடி மாற்றிப் பின்பற்ற வேண்டும். ஊரில் கொடுப்பதானால் இரண்டு பங்குத்தந்தையரிடமும் முன்கூட்டிச் சொல்லுங்கள்.

2. எந்தக் கோவிலில் ஞானஸ்நானம் நடந்ததோ அந்தப் பதிவேட்டில்தான் பின்னால் உறுதிபூசுதலும் திருமணமும் குறிக்கப்படும். இங்கே உறுதிபூசுதல் முடிந்தால் தகவல் ஊருக்குப் போயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாண நேரத்தில் புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். அப்போது தந்தி அடிப்பதுபோல் ஊருக்குப் போன் போட்டு அலைய வேண்டாம்.

3. ஞானப்பெற்றோர் இருவர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒருவர் போதும். பதினாறு வயது நிறைந்த, உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராய் இருக்க வேண்டும். தகப்பனும் தாயும் அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது. மோதிரம் போடுகிறவரைத் தேடாமல், பிள்ளையை அடிக்கடி பார்க்கிறவரைத் தேடுங்கள்.

4. வாரத்தில் என்னிடம் ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் உங்களிடம். நீங்கள் வீட்டில் சொல்லாத செபம், நான் எத்தனை தடவை எழுதிப்போட்டாலும் பிள்ளைக்கு வராது. தமிழும் அப்படியே.

திருநெல்வேலி நண்பருக்கு இனிப் பதில் சொல்லலாம். அண்ணாச்சி, நான் ஆள் சேர்க்கும் வேலைதான் பார்க்கிறேன். ஆனால் அதில் பாதி நேரம், வருகிறவர்களை "கொஞ்சம் பொறுங்கள்" என்று நிறுத்திவைப்பதில் போகிறது. பாக்கிப் பாதி, ஏற்கெனவே சேர்ந்துவிட்ட நம் பிள்ளைகளுக்கு எதில் சேர்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுப்பதில் போகிறது. சந்தேகம் இருந்தால் ஒரு வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு வாருங்கள். பெயர் எழுதிக்கொள்ள மாட்டோம். தேநீர் மட்டும் கட்டாயம் குடிக்க வேண்டும்.